பென்னி பென்னியாகச் சேர்த்துக் கட்டிய பள்ளிக்கூடம்

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஆமியேன் நகரம். அங்கே சின்ன ரயிலுக்கு மாறினால் இன்னும் கால் மணி நேரத்தில் வில்லேர் பிரெத்தோனு வந்துவிடும். நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்கள். ரொட்டிக் கடை, தேவாலயம், நகர மன்றம் என்று பிரான்ஸின் எந்தச் சிற்றூரிலும் இருப்பவைதான் இங்கேயும் இருக்கின்றன.

ஆனால், தெருப் பெயர்ப் பலகையைப் படித்தால் புருவம் உயரும். ஒரு தெருவின் பெயர் மெல்பர்ன். இன்னொன்றின் பெயர் விக்டோரியா. நகர மன்றத்தின் எதிரே கங்காரு உருவங்கள் நிற்கின்றன. பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்திரேலியா இங்கே எப்படி வந்தது என்று ஊருக்குள் கேட்டால், விக்டோரியா தெருவில் இருக்கும் தொடக்கப் பள்ளிக்குத்தான் வழி காட்டுவார்கள்.

செங்கல் கட்டடம். ஆறு வயது முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகள் படிக்கிறார்கள். விளையாட்டு மைதானத்தை ஒட்டிய கொட்டகையின் மேல், தூரத்திலிருந்தே தெரியும் பெரிய எழுத்துகளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது: 'ஆஸ்திரேலியாவை மறவாதீர்'. வகுப்பறைகளில் கரும்பலகைக்கு மேலே அதே செய்தி பிரெஞ்சில். அதற்குக் கீழே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறார்கள், பந்துக்குச் சண்டை போடுகிறார்கள். நினைவுச் சின்னம் என்றாலே செருப்பைக் கழற்றிவிட்டு மௌனமாக நிற்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும்.

கதை 1918 ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின் கடைசி வருடம். ஆமியேன் பெரிய ரயில் சந்திப்பு. அதைப் பிடித்துவிட்டால் நேச நாட்டுப் படைகளின் போக்குவரத்தே முடங்கிவிடும். அந்த ஆமியேனுக்குக் கிழக்கே சுமார் 16 கிலோமீட்டரில், மேட்டு நிலத்தில் இருக்கிறது வில்லேர் பிரெத்தோனு. ஏப்ரல் 24 காலை ஜெர்மானியப் படை டாங்கிகளோடு வந்து ஊரைப் பிடித்தது. டாங்கியும் டாங்கியும் நேருக்கு நேர் மோதியது உலகில் முதன்முதலாக அன்றுதான், இந்த ஊரின் அருகேதான். அன்றிரவே ஆஸ்திரேலியாவின் இரண்டு படைப்பிரிவுகள் இருட்டில் இரு பக்கமும் சுற்றி வளைத்தன. மறுநாள் ஊர் மீண்டது. அந்த மறுநாள் ஏப்ரல் 25. மூன்று வருடங்களுக்கு முன்பு இதே தேதியில்தான் ஆஸ்திரேலிய வீரர்கள் துருக்கியின் கலிப்போலியில் கரையிறங்கி, மாண்டு குவிந்தார்கள். ஆன்சாக் நாள் என்று இன்றும் ஆஸ்திரேலியா துக்கம் அனுசரிக்கும் நாள் அது.

ஊர் மீண்டது என்று எழுதிவிடலாம். திரும்பி வந்தவர்கள் கண்டதோ கல்லும் தூளும்தான். வீடும் இல்லை, பள்ளியும் இல்லை.

அப்போதுதான் உலகத்தின் அந்தக் கோடியில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். போர்க்காலம் முழுக்கவே அவர்களுக்கு அது பழகிய வேலை. காய்கறி பயிரிட்டு விற்பது, வீரர்களுக்குக் காலுறை பின்னுவது என்று அந்த மாநிலத்தின் கல்வித் துறை பிள்ளைகளைக் கொண்டு ஒரு போர் நிவாரண நிதியையே நடத்தியது. இப்போது பென்னி பென்னியாக உண்டியல் குலுக்கி, முகம் தெரியாத பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பது அந்தக் காலக் கணக்கு. ஒரு கட்டடம் எழ எத்தனை பிள்ளைகளின் கை வழியே எத்தனை காசு போயிருக்க வேண்டும் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் தாராள மனதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பள்ளிச் சுவரில் பதித்த கல்வெட்டு அதைவிடக் கனமான ஒன்றைச் சொல்கிறது. இந்த ஊரை மீட்கும் போரில் உயிர் கொடுத்த ஆஸ்திரேலிய வீரர்கள் 1,200 பேர் என்றும், பணம் கொடுத்த பிள்ளைகளின் அப்பாக்களும் அண்ணன்மாரும்தான் அவர்கள் என்றும் அதில் பொறித்திருக்கிறது. அப்பா திரும்பி வராத வீட்டுப் பிள்ளை, அப்பா விழுந்த ஊரின் பிள்ளைக்குக் கொடுத்த காசு அது. கொடை என்ற சொல் அதற்குப் போதுமா என்று தெரியவில்லை.

1927 ஏப்ரல் 25, ஆன்சாக் நாள் அன்றே பள்ளி திறக்கப்பட்டது. உள்ளே பெரிய கூடம். அதன் சுவர்களில் ஆஸ்திரேலிய விலங்குகளை மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். விலங்குக் காட்சிசாலைக்கே போகாத பிள்ளைக்கும் கங்காரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும். முதல் மாடியில் பிராங்கோ-ஆஸ்திரேலிய அருங்காட்சியகம். சீருடைகள், கடிதங்கள், புகைப்படங்கள் மேலே; வாய்ப்பாடும் இலக்கணமும் கீழே.

ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஆஸ்திரேலிய தேசிய நினைவகம் இருக்கிறது. புது டெல்லியின் இந்தியா கேட்டை வடித்த அதே எட்வின் லட்யன்ஸின் கைவண்ணம். 1938-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். பிரான்ஸில் மாண்டு, கல்லறை இன்னதென்று தெரியாமல் போன ஆஸ்திரேலியர்களின் பெயர்கள் சுவர் சுவராக நீள்கின்றன. இரண்டே வருடத்தில் அடுத்த உலகப் போர் இந்த வழியாகவே வந்தது. அதன் குண்டுத் தழும்புகள் இன்னும் கல்லில் இருக்கின்றன. பின்னால், 2018-ல் திறந்த மோனாஷ் மையம். திரை, ஒலி, ஒளி என்று நவீன ஏற்பாடு. செலவு சுமார் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். பார்க்க வேண்டிய இடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பென்னிகளால் கட்டிய பள்ளியின் முன்னால் நின்றுவிட்டு அங்கே போகிறவர்களுக்கு, பிரமிப்பு கொஞ்சம் குறைந்தே போகும்.

நவம்பர் 11, போர் ஓய்ந்த நாள், பிரான்ஸ் முழுக்க விடுமுறை. ஊர்தோறும் நினைவுத் தூணின் முன் கூடி, மாண்டவர்களின் பெயர்களை வாசிப்பது வழக்கம். பல ஊர்களில் அதை வாசிப்பது பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு 'பிரான்ஸுக்காக உயிர் நீத்தவர்' என்று கூட்டம் சொல்லும். ஆங்கிலேய நாடுகளில் சட்டையில் செந்நிறப் பாப்பி குத்துவார்கள். இங்கே புளூயே என்ற நீலப் பூ. வில்லேர் பிரெத்தோனுவுக்கு மட்டும் இன்னொரு நாளும் உண்டு. ஏப்ரல் 25 அன்று விடியுமுன்னே, எலும்பைத் துளைக்கும் குளிரில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்களோடு ஊரும் குன்றில் கூடுகிறது.

நூறு வருடப் பழைய போரைப் பிஞ்சுகளின் தோளில் ஏன் சுமத்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் குன்றின் மேல் இல்லை. அது 2009-ல், பதினாறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கிடைத்தது.

அந்த வருடம் பிப்ரவரி 7, சனிக்கிழமை. மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. விக்டோரியா மாநிலமெங்கும் காட்டுத்தீ மூண்டு 173 பேர் இறந்தார்கள். 'கருப்பு சனி' என்று அந்த நாளுக்கே பெயர் ஆகிவிட்டது. மெல்பர்னுக்கு வடகிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஸ்ட்ராத்யூவன் என்ற குக்கிராமத்தில் மட்டும் 27 பேர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் அது. அங்கிருந்த தொடக்கப் பள்ளியும் சாம்பலாயிற்று.

செய்தி வில்லேர் பிரெத்தோனுவை எட்டியது. ஊர் நிதி திரட்டியது. விக்டோரியாவின் பிள்ளைகள் கட்டித் தந்த பள்ளியைக் கொண்ட ஊர், விக்டோரியாவில் எரிந்துபோன பள்ளியை மறுபடி எழுப்பப் பணம் அனுப்பியது. கொட்டகையின் மேலிருந்த அந்த எழுத்துகளை எண்பது வருடமாகத் தினமும் யாரோ படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஸ்ட்ராத்யூவனில் புதுக் கட்டடம் எழுந்தது. கட்டடம் சுலபம். தீயைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள், பார்க்காவிட்டாலும் வீட்டில் அதைக் கேட்டே வளரும் பிள்ளைகள், புகை வாசனைக்கே நடுங்கும் பிள்ளைகள், இவர்களுக்கு என்ன சொல்லித்தருவது? தீ என்ற சொல்லையே எடுக்காமல் இருந்துவிடலாம். பெரியவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள். அந்தப் பள்ளி நேர்மாறாகச் செய்தது. ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களோடு சேர்ந்து, ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தீயையே பாடமாக வைத்தது.

அன்றைய வானிலை அறிக்கையை எப்படி வாசிப்பது? காற்று திசை மாறினால் என்ன ஆகும்? உதிர்ந்த சருகு எவ்வளவு காய்ந்தால் ஆபத்து? சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, ஒவ்வொரு 10 டிகிரி சாய்வுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும் என்பது அங்கே பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. எந்த நாளில் வீட்டில் காத்திருக்காமல் முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும் என்பதும் தெரியும். கற்றதை வைத்துக் களிமண் பொம்மைகள் செய்து, அசைவூட்டிக் குறும்படம் எடுக்கிறார்கள். அதை ஊரார் முன் போட்டுக் காட்டி விளக்குகிறார்கள். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். மனநலம் என்று தனியாக ஒரு பீரியட் போட்டு இதைச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். பயந்த பிள்ளையிடம் 'பயப்படாதே' என்று சொல்வதைவிட, பயத்தின் சூட்சுமத்தைக் கழற்றிக் காட்டுவது பலன் தருகிறது.

பிரான்ஸ் போகிறவர்கள் இந்த ஊருக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். காலையில் ஆமியேனில் இறங்கி, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பேராலயத்தில் 'அழும் தேவதை' சிற்பத்தைப் பார்த்துவிடலாம். போர்க்காலத்தில் வீரர்கள் வீட்டுக்கு அனுப்பிய தபால் அட்டைகளில் அதிகம் இடம்பெற்ற முகம் அது. மண்டையோட்டின் மேல் முழங்கை ஊன்றி, கன்னத்தில் கை வைத்திருக்கும் குழந்தை. பிறகு சின்ன ரயில். குன்றின் நினைவகம் ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நடக்கத் தெம்பிருந்தால் வயல் ஓரமாக நடந்தே போகலாம். பள்ளி நாளாக இருந்தால் வகுப்பறைப் பக்கம் போக முடியாது. அருங்காட்சியகத்துக்கு நேரம் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. இடைவேளை மணி அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போனால், மாடியில் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போது கீழே மைதானத்தின் கூச்சல் கேட்கும்.