கரிவரதனின் ஒற்றை இருக்கை

1911இல் இண்டியானாபோலிஸில் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தை வென்ற ரே ஹாரூன், ஓட்டுநர் என்பதைக் காட்டிலும் பொறியாளர். மற்றவர்கள் பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கை உடன் ஏற்றிக்கொண்டபோது, அவர் மட்டும் தாம் வடிவமைத்த ஒற்றை இருக்கை வண்டியில், முன்னே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு தனியாக ஓடினார். தமிழகத்தில் அவரோடு ஒப்பிடத்தக்கவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் (1954–1995).

லட்சுமி மில்ஸ் குடும்பத்தவரான கரிவரதன் ஓட்டிப் பெயர்பெற்ற களம் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுபாதை அது. வெளிநாட்டுப் பந்தய வண்டியை இறக்குமதி செய்ய வல்ல செல்வர் ஒருபுறம். ஃபியட், ஹெரால்டு போன்ற வண்டிகளைப் பட்டறையில் பிரித்துத் திருத்திக் கொண்டுவருவோர் மறுபுறம். வெற்றி பல வேளைகளில் சுங்கத்துறை வாசலிலேயே முடிவாகிவிடும். கரிவரதனும் வசதி படைத்தவரே. விரும்பியிருந்தால் அந்த முதல் வரிசையிலேயே நின்றிருக்கலாம்.

அவர் செய்தது வேறு. 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். அதன் இதயம் மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். உலக அளவுகோலில் அது வேகமான வண்டியன்று. அதைக் குறையாகச் சொல்வோர் அதன் பயனை அறியாதவர். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லோரிடமும் இருப்பது ஒரே வண்டி. ஆகவே பணப்பை அன்று, ஓட்டுநரின் கையும் கண்ணுமே போட்டியிட வேண்டும்.

அந்த வண்டியில் பந்தய வாழ்வைத் தொடங்கியவர்களுள் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் அவர் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1இல் ஓடிய முதல் இந்தியரானார். அதே ஆண்டு, ஹாரூன் வென்ற அந்த இண்டியானாபோலிஸில் நான்காமிடம் பெற்றார். (மிஷெலின் டயர்ச் சிக்கலால் 14 வண்டிகள் விலக, ஆறே வண்டிகள் ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) கரிவரதன் அதைக் காணவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பே, 1995 ஆகஸ்டில், விமான விபத்தில் இறந்திருந்தார். வயது 41.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. பந்தயத் தளத்திற்கு 'கரி' என்று அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கரிவரதன் என்பது யானைக்கு அருளிய பெருமாளின் பெயர். சுருக்கியதில் பெருமாள் போய் யானை மட்டும் எஞ்சியிருக்கிறது! அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 வண்டிகளிலும் இருக்கை ஒன்றுதான்; இன்ஜினும் சாலையில் ஓடும் மாருதி சுசுகி காருடையதுதான்.