'சுகப்பிரசவம்': யாருக்குச் சுகம்?

வயிற்றை அறுக்காமல் பிள்ளை பிறந்தால் அது சுகப்பிரசவம். ஊர் அப்படித்தான் சொல்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் 'நார்மல் டெலிவரி' என்றே எழுதுகிறார்கள். கீழே கிழிந்ததைப் பற்றி வீட்டிலும் பேச்சில்லை, சீட்டிலும் எழுத்தில்லை.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சேரிப் பெண்களோடு நாங்கள் வேலை செய்கிறோம். சாதிச் சான்றிதழ், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி என்று தொடங்கும் பேச்சு, ஆண்கள் எழுந்துபோன பிறகுதான் இந்த இடத்துக்கு வரும். ஸ்ரீரங்கத்தில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா, குழந்தை பிறந்து எட்டு மாதம் கழித்துத்தான் எங்களிடம் வாய் திறந்தார். "காத்து அடக்க முடியல கண்ணு. சில நாள் மலமும் கசிஞ்சிடுது. துணி வச்சுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்." பிரசவ வார்டில் வலி தாங்காமல் கத்தியதற்கு வாங்கிய வசவையும் சொன்னார். தையலைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாருக்கும் கிழியறதுதான்" என்று வாயை அடைத்திருக்கிறார்கள்.

கிழிவது உண்மைதான். முதல் பிரசவத்தில் பெரும்பாலான பெண்களுக்குக் கொஞ்சமாவது கிழியும். மருத்துவம் அதை 4 நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் இரண்டில் தோலும் அதன் கீழுள்ள தசையும் கிழியும். மூன்றாவதில் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத் தசை கிழியும். நான்காவதில் மலக்குடலின் உட்சுவர் வரை கிழிசல் போகும். நல்ல கவனிப்பிலும் இப்படி நடக்கலாம் என்பதால், கிழிந்ததை மட்டுமே வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அலட்சியம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. தைப்பதற்கு முன் ஆசனவாயில் விரல் விட்டுச் சோதிக்க வேண்டும். வளையத் தசை அறுந்திருந்தால் பயிற்சி பெற்ற டாக்டர்தான், மரத்துப்போக ஊசி போட்டு, நல்ல வெளிச்சத்தில் தைக்க வேண்டும். என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, மறுபரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும். இவற்றைச் செய்யாமல் மேல்தோலை மட்டும் இழுத்துத் தைத்து அனுப்புவதுதான் அலட்சியம். எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போடுவதும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லிவிட்டது.

சரி, வழக்குப் போடலாமா? மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு அது பொருந்தாது. சீட்டுக்குக் கட்டும் சில்லறையும் கட்டணமாகாது. காசு கட்டியவள் நுகர்வோர். காசில்லாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவள் யார்? அங்கே போகிறவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை.

1929-இல் வெளியான ஒரு கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் நோயில் விழுந்தார். டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். பச்சைக் குழந்தையோடு அவரைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அந்த டாக்டர் கட்டணத்தை வாங்கிக்கொண்டவர்தான். காசு கொடுத்தும் நம்மைத் தொடவில்லை. இன்று தொடுகிறார்கள், பதில் சொல்வதில்லை.

ஆனாலும் வழி முழுக்க அடைபடவில்லை. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனை என்றால், இலவச நோயாளியும் நுகர்வோர்தான் என்கிறது அதே தீர்ப்பு. அரசு மருத்துவமனை மீது சிவில் வழக்கும் போடலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவும் போடலாம். 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கிடைத்தது 19 ஆண்டு கழித்து. ஆனாலும் கிடைத்தது.

எனவே தோழர்களே, முதலில் தாளைக் கையில் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். எந்த நிலைக் கிழிசல், யார் தைத்தார், சோதித்தார்களா என்று அதில் பாருங்கள். எழுதவில்லை என்றால், அந்த வெற்றிடமும் நமக்கு ஆதாரம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம்: பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர வேண்டியது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை.

வழக்குக்கு முன் வைத்தியம். பல ஆண்டு கடந்த கிழிசலையும் சரியான டாக்டரிடம் காட்டினால், பயிற்சியாலும் அறுவைச் சிகிச்சையாலும் பலருக்குக் குணம் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வருதா என்று கேட்கும்போதே, கசிவு உண்டா என்றும் கேளுங்கள். அவள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு.