திறப்பு தொலைந்த துவக்கு அலுமாரி

சென்ற மாதம் ஓர் இரவு ரொறன்ரோவிலிருந்து என் பெரியப்பாவின் பேரன் தொலைபேசியில் அழைத்தான். குரலில் எரிச்சல் தெரிந்தது. வேட்டைக்குப் போகும் பழக்கமுள்ள பிள்ளை. துப்பாக்கியைப் பூட்டி வைத்திருந்த இரும்பு அலுமாரியின் திறப்பை வீடு மாறியபோது எங்கோ தொலைத்துவிட்டானாம். பூட்டுத் திறப்பவரை அழைத்திருக்கிறான். வந்தவர் அலுமாரியைத் தொடுவதற்கு முன், அடையாள அட்டையையும் துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தையும் காட்டச் சொல்லியிருக்கிறார்.

"என்ர வீடு, என்ர அலுமாரி. என்னைக் கள்ளன் மாதிரிக் கேள்வி கேட்கிறான் சித்தப்பா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "உன்ர அப்பப்பாவும் இதே மாதிரி ஒருக்கால் துவக்கு அலுமாரித் திறப்பைத் தொலைச்சவர். அந்தக் கதை உனக்குத் தெரியாது" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நாம் 'திறப்பு' என்பதை அவர்கள் 'சாவி' என்பர். சாவி போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அலுமாரியும் அவர்கள் விட்டுச் சென்றதே. 'துவக்கு' என்பது எங்கள் பேச்சில் துப்பாக்கி. வன்னியில் துவக்கு என்றால் முப்பது ஆண்டுப் போர்தான் இன்று எவருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு முந்திய வன்னியில் அது மண்வெட்டி, கோடரி போல ஒரு கமக்காரனின் உடைமை. பன்றிக்கும் யானைக்கும் நடுவே நெல் விளைவிப்பவனுக்கு அது தேவைப்பட்டது.

பெரியப்பாவின் வீடு ஒட்டுசுட்டானில், தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் இருந்தது. அவரிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. அக்காலத்தில் பலர் துவக்கை வீட்டு வளையில் செருகி வைப்பார்கள், அல்லது மூலையில் சாத்தி வைப்பார்கள். பெரியப்பா அப்படிச் செய்ததில்லை. அவருடைய இளமைக் காலத்தில், அயலில் ஒரு சிறுவன் மூலையில் சாத்தியிருந்த துவக்கை விளையாட்டாக எடுத்து, தன் தங்கையை இழந்தான். அந்தச் செத்தவீட்டுக்குப் போய் வந்த வாரமே முதிரை மரத்தில் ஆளுயர அலுமாரி ஒன்றைச் செய்வித்தார். துவக்கின் அடிக்கட்டை நிற்பதற்கு உள்ளே ஒரு பள்ளம் குடையப்பட்டிருந்தது. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டுக்குள் இருந்தன.

1974 ஆம் ஆண்டு டிசெம்பர். நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். விடுமுறையில் ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தேன். நாட்டில் கடும் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஒரு புசல் நெல்லுக்கும் அன்று தனி மதிப்பு இருந்தது. காலபோக வயல்களில் கதிர் பால்பிடிக்கத் தொடங்கியிருந்தது. காட்டுப்பன்றிக்கு இந்தப் பருவத்தின் வாசனை எப்படித்தான் தெரியுமோ, சரியாக அந்த வாரத்தில் கூட்டமாக இறங்கிவிடும். தின்பதைக் காட்டிலும் மிதித்து உழக்குவது அதிகம்.

அந்த நேரம் பார்த்துத்தான் திறப்பு தொலைந்தது. இரவு மழையில் வரம்பு உடைத்துவிட்டதென்று மண்வெட்டியோடு ஓடிய பெரியப்பா, இடுப்பில் செருகியிருந்த கொட்டப்பெட்டியை வயலுக்குள் எங்கோ தவறவிட்டார். வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு ஆகியவற்றோடு அலுமாரித் திறப்பும் அதற்குள் இருந்தது. மறுநாள் முழங்கால் சேற்றில் குடும்பமே இறங்கித் தேடியது. கிடைக்கவில்லை.

"ஆசாரியார் ரெண்டு திறப்புத் தந்தவர் எண்டு சொன்னீங்கள். மற்றது எங்கே பெரியப்பா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதைத் துலைக்கக்கூடாதெண்டு அலுமாரிக்குள்ளதான் பத்திரமா வைச்சனான், தம்பி" என்றார்.

பெரியம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. ஏனென்றால் அலுமாரிக்குள் இருந்தது துவக்கு மட்டுமன்று. துவக்கின் அனுமதிப்பத்திரமும் உள்ளேதான் இருந்தது. இலங்கையின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருப்பது. அதன்கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் டிசெம்பர் 31 உடன் முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல்தான். ஆகவே ஒட்டுசுட்டான்காரர் மாங்குளம் சென்று, அங்கிருந்து கண்டி வீதியால் வவுனியாக் கச்சேரிக்குப் போகவேண்டும். பத்திரமின்றிப் போய்ப் பயனில்லை. பன்றி ஒருபுறம், திகதி மறுபுறம்.

எனக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. "கோடரி இருக்குத்தானே, உடைப்பம்" என்றேன்.

பெரியப்பா மறுத்துவிட்டார். முதிரைக் கதவின் மீதுள்ள ஆசையால் மறுக்கிறார் என்று நினைத்தேன். அது அன்று காரணம். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது தெற்கே கிளர்ச்சியாளர்கள் கிராமத்து வீடுகளுக்குள் புகுந்து வேட்டைத் துவக்குகளைப் பறித்துச் சென்றிருந்தார்கள். அதன் பின்னர் ஒரு துவக்கு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது அரசாங்கத்துக்குச் சிறிய விடயமாக இருக்கவில்லை. உடைந்த அலுமாரி ஒன்று ஒரு வீட்டில் இருந்தால், அதை உடைத்தவர் வீட்டுக்காரரா வேறெவருமா என்று பிறகு யார் நிறுவுவது? இன்னொன்றையும் அவர் சொன்னார். திறப்பு வயலுக்குள் கிடக்கிறது என்பது நம்முடைய எண்ணம் மட்டுமே. வேறு யாராவது எடுத்திருந்தால் அந்தப் பூட்டு இனிப் பூட்டே அல்ல. ஆகவே திறப்பு கிடைத்தாலும் பூட்டை மாற்றத்தான் வேண்டும்.

முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் திறப்பு தொலைந்ததை முறைப்பாடாகப் பதிந்தார். பிறகு அலுமாரியைச் செய்த ஆசாரியாருக்கு ஆள் அனுப்பினார். அவர் ஏதோ கோயில் வேலையில் இருந்ததால் வந்துசேர நாலைந்து நாட்கள் ஆயின.

அந்த இரவுகளை நான் மறக்கவில்லை. காவற்பரணில் பெரியப்பாவோடு நானும் இருந்தேன். தகரத்தைத் தட்டினோம், பந்தம் கொளுத்தினோம், தொண்டை கட்டும்வரை கத்தினோம். பன்றிகள் சற்றுத் தூரம் போய் நின்று, எங்கள் சத்தம் ஓய்ந்ததும் மறுகரையால் இறங்கின. விடியும்போது காட்டோரத் துண்டு ஒன்று பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடந்தது. அந்தத் துண்டின் விளைவு அவர்களுக்குச் சில மாதச் சாப்பாடு. வரம்பில் குந்தியிருந்து ஒரு கதிரை எடுத்துக் கையால் நசுக்கிப் பார்த்தார். பால் வழிந்தது. அப்போதும் கோடரியைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத்தான் அவர்மீது கோபம்.

ஆசாரியார் வந்த அன்று விதானையாரும் வந்தார். விதானைமார் பதவியை 1963 இல் ஒழித்துக் கிராமசேவகர்களை நியமித்துவிட்டார்கள். ஆனாலும் வன்னியில் யாரும் அவரைக் கிராமசேவகர் என்று கூப்பிட்டதில்லை. அவர் முன்னிலையில்தான் பூட்டு கழற்றப்பட்டது. தான் செய்த அலுமாரி எந்த இடத்தில் இளகும் என்பது ஆசாரியாருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரகசியத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. காலையில் தொடங்கி மதியம் திரும்பும்போது, கதவில் ஒரு கீறலும் விழாமல் திறந்துவிட்டது. விதானையார் துவக்கின் இலக்கத்தை அனுமதிப்பத்திரத்தோடு ஒப்பிட்டார், தோட்டாக்களை எண்ணினார், ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி ஒப்பமிட்டார். அன்றே புதுப் பூட்டுப் போடப்பட்டது. இம்முறை ஒரு திறப்பு பெரியப்பாவிடம். மற்றது பெரியம்மாவின் சேலைத் தலைப்பு முடிச்சில்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பெரியப்பா வவுனியாவுக்குப் போய், திகதி கடக்குமுன் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அன்றிரவு இரண்டு வெடி வைத்தார். மேல்நோக்கித்தான். பன்றிகள் அந்தப் போகத்தில் பிறகு வரவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிடலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஓர் இரவு இளைஞர்கள் சிலர் அந்த வீட்டுப் படலையைத் தட்டினார்கள். வடக்கில் வீடு வீடாக அனுமதிபெற்ற துவக்குகள் இப்படி எடுக்கப்பட்ட காலம் அது. மரியாதையாகத்தான் பேசினார்களாம், "ஐயா" என்றார்களாம். அவர்களுள் ஒருவன் பெரியப்பாவிடம் தேவாரம் படித்த பிள்ளை. பெரியப்பா தன் திறப்பால் தானே அலுமாரியைத் திறந்து துவக்கைக் கொடுத்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் பொலிஸ் பதிவும் விதானையாரின் சாட்சியும் இன்றித் திறக்க மறுத்த அந்தப் பூட்டு, அன்று ஐந்து நிமிடத்தில் திறந்தது.

மறுநாள் அவருக்கு முன்னால் இருந்த சிக்கலை இன்றைய தலைமுறைக்கு விளக்குவது கடினம். துவக்குப் போனதை அறிவிக்காவிட்டால் சட்டப்படி குற்றம். அறிவித்தால் அறிவித்தவனையே முதலில் சந்தேகிப்பார்கள். தந்தவன் என்று இவர்களும், காட்டிக்கொடுத்தவன் என்று அவர்களும். எனினும் அவர் எழுதினார். துவக்கு இன்ன திகதியில் தன் கையைவிட்டுப் போய்விட்டது என்று நான்கு வரி எழுதி, உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். தபாலே ஒழுங்காக ஓடாத காலம். பதில் ஏதும் வரவில்லை. கடிதத்தின் பிரதியையும் காலாவதியான அனுமதிப்பத்திரத்தையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

சில வாரங்கள் கழித்து நான் போனபோது எல்லாவற்றையும் சொன்னார். நான் பத்திரிகைக்காரன். இதை எழுதவேண்டும் என்று மனம் துடித்தது. "எழுதாதை தம்பி" என்றார். நான் எழுதவில்லை. அவருக்காகவே எழுதவில்லை என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவன்று. எனக்கும் பயமாக இருந்தது. அக்காலத்தில் நாங்கள் எழுதாமல் விட்ட செய்திகள் எழுதியவற்றைவிட அதிகம். அவற்றுள் இது மிகச் சிறியது. ஆனால் எனக்கு மிக அருகில் நடந்தது.

"வெறும் அலுமாரியை ஏன் பூட்டி வைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"பத்திரம் உள்ளே கிடக்கு" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியப்பா காலமானார். அலுமாரி காணி உறுதிகளுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் இடமாயிற்று. 2009 ஜனவரித் தொடக்கத்தில் போர் ஒட்டுசுட்டானுக்குள் வந்தபோது, பெரியம்மா உறுதிகளை ஒரு கடைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெறும் அலுமாரியைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார். புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று அந்தத் திறப்பு அவரோடு போயிற்று. மே மாதத்தில் போர் முடிந்தபின், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் ஒருவராகச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு வந்தார். உறுதிகள் இருந்த பை வழியில் எங்கோ போய்விட்டது. திறப்பு மட்டும் சேலை முடிச்சில் இருந்தது.

மீளக் குடியமர்ந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரியின் கதவுகளும் இல்லை. எவர் கழற்றிப் போனாரோ தெரியாது. முதிரைப் பலகைக்கு எப்போதும் விலை உண்டு. சட்டமும் பின்பலகையும் எஞ்சியிருந்தன. துவக்கின் அடிக்கட்டை நின்ற பள்ளத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. பெரியம்மா திறப்பை என் கையில் தந்தார். "உனக்குத்தான் பழைய சாமானில விருப்பம்" என்றார்.

வன்னியில் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. பன்றியும் யானையும் இன்றும் வயலுக்குள் இறங்குகின்றன. பயிர்காக்கத் துவக்குப் பெற இன்றும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு வழியற்றவர் சிலர் களவாகக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். அது பன்றியையும் விறகுக்குப் போகும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாது. பூட்டும் பத்திரமும் சாட்சியும் வீண் தொல்லை என்று எனக்கும் ஒருகாலம் தோன்றியது. அவை ஒன்றுமில்லாமல் துவக்குகள் கைமாறிய மூன்று பதிற்றாண்டுகளை ஒரு செய்தியாளனாகப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

பேரனுக்கு இரண்டு விடயங்கள் சொன்னேன். இரண்டாவது திறப்பை அலுமாரிக்குள் வைக்காதே, பூட்டையும் மாற்றிவிடு. பத்திரம் கேட்ட அந்த மனிதரைக் கோபிக்காதே. அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "சித்தப்பா, அப்பப்பான்ர திறப்பு இப்பவும் உங்களிட்டையா இருக்கு?" என்று கேட்டான்.

இருக்கிறது. என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.