தலைப்பக்கம் யாரு?

108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் ஓர் அளவு தவறாமல் இருக்கும்: உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கூடவே வயது வரம்பு, ஓட்டுநர் உரிமம் எடுத்து எத்தனை வருடம், பேட்ஜ் எடுத்து எத்தனை வருடம், கண் பார்வை, சாலை விதி. மருத்துவ உதவியாளர் என்றால் நர்சிங் அல்லது அதையொத்த படிப்பு, உடற்கூறியல் கேள்விகள், முதலுதவிக் கேள்விகள், நேர்காணல். எத்தனை கிலோ தூக்குவாய் என்ற கேள்வி நான் பார்த்த எந்த அறிவிப்பிலும் இல்லை.

வண்டியில் போகிறவர்களோ இரண்டே பேர். ஓட்டுபவர் பைலட், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் இ.எம்.டி. மாடியிலோ தோப்பிலோ கிடக்கிற ஆளை வண்டிவரை கொண்டுவந்து சேர்ப்பது இந்த நாலு கைதான். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை இது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. யாரும் வைக்காத அந்தத் தூக்கும் தேர்வை ஒரு பைலட் தானாக வைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் நாங்குநேரிப் பக்கம் போனேன்.

நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பூச்சு வேலை முடியாத ஒரு மாடி வீடு. சொந்தக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். சாவி பைலட்டிடம் இருக்கிறது. ஊரே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். 12 மணி நேர இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு வருகிறார். சம்பளம் இல்லாத வேலை. வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்கள், போடப் போகிறவர்கள், நர்சிங் முடித்த இரண்டு பெண்கள், கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி என்று ஒரு சின்னக் கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது.

நோயாளியாக நடிப்பது மணல் மூட்டை. மூன்று அரிசிப் பைகளில் எடை போட்டுக் கட்டியது, பைக்கு 26 கிலோ. அதென்ன கணக்கு இருபத்தாறு என்று கேட்டேன். "பையில போட்டிருக்க எடைய மாத்தாம நெரப்பிட்டேன்" என்றார். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி 26 கிலோ சிப்பமாகப் போட ஆரம்பித்தார்கள் அல்லவா, அந்தப் பைகள். மூன்றும் சேர்ந்தால் 78 கிலோ. "நம்மூர் சம்சாரி ஒருத்தரு எடை இருக்கும்லா?"

கால் டாக்ஸி தம்பி ஜிம்முக்குப் போகிறவர். சட்டைக் கை இறுகும் புஜம். முதல் மூட்டையைக் குனிந்து கையாலேயே வெடுக்கென்று இழுத்துத் தூக்கினார். அண்ணாச்சி சிரித்துவிட்டு, "ஏலே, இது இளவட்டக்கல் இல்ல" என்றார். இந்தப் பக்கத்து ஆளிடம் அது லேசான கேலி இல்லை. நெல்லைச் சீமையில் அந்தக் கல்லைத் தூக்கித் தோள்மேல் ஏற்றிப் பின்னால் போடுகிறவன்தான் இளவட்டம். வடலிவிளையில் பொங்கல்தோறும் இன்றும் போட்டி நடக்கிறது. ஆனால் கல்லைத் தூக்கியவன் கை தளர்ந்தால் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். ஸ்ட்ரெச்சரைப் பிடித்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தூக்குவதைவிடக் கீழே வைப்பதற்குத்தான் அதிகப் பலம் வேண்டும் என்பதை அடுத்த அரை மணி நேரத்தில் அந்தத் தம்பியின் முகமே சொல்லியது.

இடுப்பு ஏன் போகிறது என்பதற்கு அண்ணாச்சி சொன்ன விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் குறைந்ததில்லை. கிணற்றுக் கயிற்றை விளிம்பில் சாய்ந்து இழுப்பதும் எட்டி நின்று இழுப்பதும் ஒன்றா என்றார். முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் எலும்பிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருந்து இழுக்கின்றன. 20 கிலோவை அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைச் சமன் செய்ய அந்தத் தசைகள் கிட்டத்தட்ட 200 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் அதில் பாதிக்கும் கீழே. அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கில், எல்லாம் தோதாக இருந்தால் ஒருவர் தூக்கத் தக்க எடை 23 கிலோ. எல்லாம் என்றால், பாரம் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், இடுப்பு திரும்பக் கூடாது, பிடி நன்றாக இருக்க வேண்டும். அதே நாட்டில் ஆம்புலன்ஸ் பணியாளருக்கான வேலை விவரமோ 125 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 57 கிலோ தூக்கிச் சுமக்க வேண்டும் என்கிறது. துணையோடு என்றால் அதில் இரண்டு மடங்கு. ஒரே நாட்டின் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உலகத்து ஆம்புலன்ஸ்காரர்களின் முதுகுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பயிற்சி மூட்டையில் தொடங்கவில்லை. முதலில் பஸ்கி, அதுவும் குதிகால் தரையை விட்டு எழும்பாமல். பாதிப் பேருக்கு அதுவே வரவில்லை. நாற்காலிக்குப் பழகிய கணுக்கால் மடங்க மறுக்கிறது. அடுத்து இரண்டு கையிலும் தண்ணீர் கேன். நிரம்பிய 20 லிட்டர் கேன்களைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். இதில் முதலில் கைவிடுவது புஜமோ தொடையோ இல்லை, விரல்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் அப்படித்தான் என்றார் அண்ணாச்சி. அதனால் அவர் பிடிக்குத் தனியாகச் சொல்லித் தருகிறார்: உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், பத்து விரலும் கம்பியைச் சுற்ற வேண்டும், இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பெண்களில் ஒருத்திக்குக் குடம் சுமந்து பழக்கம். பாரம் வந்ததும் இடுப்பு தானாக ஒருபக்கம் ஒடிந்துகொள்கிறது. "பிள்ள, இது ஒக்கல்ல வைக்கிற சாமான் இல்ல, நடுவுல பிடி" என்று அவளிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூட்டைக்குப் பதிலாக நான் படுத்துக்கொள்கிறேன் என்றேன். ஸ்கூப் என்று ஒரு ஸ்ட்ரெச்சர் உண்டு. நெடுக்காக இரண்டாகப் பிரியும். ஆளைப் புரட்டாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிகளை அடியில் செருகி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பூட்டுவார்கள். பூட்டு விழும்போது சட்டைத் துணி மாட்டிக்கொள்ளாதபடி ஒரு விரலை ஓட்டிப் பார்க்கிறார்கள். பெல்ட்டை மார்பிலும் இடுப்பிலும் முட்டிக்கு மேலும் கட்டினார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." என் தலை எழும்பியது, கால் எழும்பவில்லை. ஒருவர் மூணு என்ற சொல்லோடு தூக்கினார், மற்றவர் மூணு முடியட்டும் என்று இருந்தார். அரை நொடி வித்தியாசம்தான். படுத்திருப்பவனுக்கு அது தலைகுப்புறக் கொட்டப் போகிறார்கள் என்ற பீதி.

அண்ணாச்சி இறக்கச் சொன்னார். "தலப்பக்கம் யாரு?" டாக்ஸி தம்பி கையைக் காட்டினார். "அப்பம் நீதான் சொல்லணும். மூணுலயா, மூணுக்குப் பொறவான்னு கேட்டுட்டுத் தூக்கு." தலைப்பக்கம் நிற்பவருக்கு இரண்டு காரணத்தால் அந்த அதிகாரம். நோயாளியின் முகம் அவருக்குத்தான் தெரியும். பாரமும் அந்தப் பக்கமே கூடுதல். தலை, நெஞ்சு, கை எல்லாம் சேர்ந்து உடம்பின் எடையில் பாதிக்கு மேல். படி இறங்கும்போது கால் முன்னே, தலை மேலே. அப்போது பாரம் கீழ்ப்படியில் இருப்பவர் மேல் சாயும். அவருக்குப் பின்னால் படி தெரியாது. எனவே மூன்றாவதாக ஒருவர் அவர் முதுகில் கை வைத்து "ஒரு படி, இன்னொரு படி" என்று சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் எங்கே கிடைப்பார்? வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர். நம் ஊரில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆர்வத்தில் கையைப் பிடித்து இழுப்பவர்தான் அதிகம். அவர்களுக்கு வேலை சொல்லி நிறுத்துவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்தி. அண்ணாச்சி வேடிக்கை பார்த்த இரண்டு சிறுவர்களைக் கூப்பிட்டுப் பழக்கிக் காட்டினார்.

தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டில் பனையிலிருந்து விழுந்தவரை எடுத்துவந்த கதையை அவர் சொன்னபோது எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். செம்மணலில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் புதையும்; வண்டி தார் ரோட்டில் நிற்கிறது. முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம், ஆகவே மடக்கித் தூக்கவும் கூடாது. நாலு பனையேறிகள் சேர, ஆறு பேராகச் சுமந்திருக்கிறார்கள். பாதி தூரத்தில் இறக்கிவைத்துக் கை மாற்றினார்களாம். "எறக்கி வைக்கது கௌரவக் கொறச்சல்னு நெனச்சா ஆள் போயிருவான்."

கடைசிப் பாடம் வண்டியில் ஏற்றுவது. பழுதாகி ஒதுக்கிய ஒரு சக்கர ஸ்ட்ரெச்சரை எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறார். வண்டித் தளத்தில் முன்சக்கரம் ஏறியதும் தள்ளினால் கால்கள் தானாக மடங்கும். வெளியே இழுக்கும்போது அவை விரிந்து பூட்ட வேண்டும். 'டக்' என்ற அந்தச் சத்தம் கேட்காமல் கையை எடுத்தால் நோயாளியோடு சரிந்துவிடும். சாலை இரைச்சலில் சத்தம் கேட்காது என்பதால் கண்ணால் பார்த்து வாயால் "பூட்டியாச்சு" என்று சொல்ல வேண்டுமாம். நோயாளி பெண் என்றால் முந்தானையை முதலில் பெல்ட்டுக்குள் செருக வேண்டும், சக்கரம் இழுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஆள்சேர்ப்பிலேயே ஒரு தூக்கும் தேர்வை வைத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சி ஒப்பவில்லை. "வச்சா மொதல்ல வெளிய போறது இந்தப் பிள்ளையதான்" என்று நர்சிங் முடித்தவர்களைக் காட்டினார். பிரசவ கேஸில் வண்டிக்குள் குழந்தையை எடுக்கிற கை வேண்டுமா, 57 கிலோ தூக்குகிற கை வேண்டுமா என்று கேட்டார். மூட்டையைத் தனியாகத் தூக்கச் சொல்லும் தேர்வு அவருக்கு அர்த்தமில்லாதது. வேலையில் யாரும் தனியாகத் தூக்குவதில்லை. தேர்வு வைத்தே ஆக வேண்டுமென்றால் ஜோடி ஜோடியாக வைக்கட்டும், அதற்கு முன் படியில் சறுக்கி இறங்குகிற மடக்கு நாற்காலியை எல்லா வண்டியிலும் வைக்கட்டும் என்றார். அது இல்லாத இடத்தில் இவர்கள் வீட்டுக்காரரின் பிளாஸ்டிக் நாற்காலியில் நோயாளியை உட்காரவைத்துப் போர்வையால் கட்டி இறக்குகிறார்கள்.

எனக்கு அவர் சொன்னதில் முக்கால்வாசி சம்மதம். ஜோடித் தேர்வு வேண்டும், ஆனால் அதைச் சேர்க்கும்போது வைத்துக் கழித்துக்கட்டாமல், பயிற்சி முடிவில் வைத்துத் தேறும்வரை சொல்லித்தர வேண்டும் என்பேன். மருத்துவ உதவியாளருக்கு 50 நாள் பயிற்சி இருக்கிறது, அதில் இடம் கிடைக்கும். ஓட்டுநருக்குப் பத்தே நாள். இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "பத்து நாள்ல குதிகாலு தரையில நிக்காது" என்றார்.