நிறைகோலும் சரிபார்க்கப்படல் வேண்டும்

நம் கல்லூரியன்னையின் விழா மலருக்கு யாதேனும் எழுதுக எனப் பணித்தார் மலராசிரியர். முசலியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு என் மாணவன் ஒருவன் கற்பித்த பாடத்தையே காணிக்கையாக்குகின்றேன்.

மாணாக்கரின் தரமறிந்து கற்பித்தல் நமக்குப் புதியதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்திலேயே மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி ஈறாக வகுத்துக் காட்டினார். இன்று அவ்வேலையைக் கணினி மேற்கொண்டுள்ளது. மாணவன் அளிக்கும் விடையை நோக்கி, அடுத்த வினாவை எளிதாக்கியோ கடினமாக்கியோ தருகின்றது. இதனால் விளையும் நன்மை பெரிது. தில்லியில் 619 மாணவரிடை நடந்த ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் இத்தகைய மென்பொருளைக் கொண்டு நடந்த வகுப்புகளிற் குலுக்கல்மூலம் இடம்பெற்றோர், நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் ஏனையோரை விஞ்சினர் என்று அது காட்டிற்று.

அந்நம்பிக்கையுடன் யானும் தமிழ்ப் பயிற்சிக்கான மென்பொருள் ஒன்றை வகுப்பிற் பயன்படுத்தினேன். சில வாரங்களில் ஒரு மாணவன் கீழ்ப்படிக்கு இறக்கப்பட்டான், பின்னும் இறக்கப்பட்டான். வகுப்பில் விடைகூற முந்துபவன் அவன். எனினும் திரையிற் கண்ட புள்ளியை நம்பி, "கவனம் போதாது" எனக் கடிந்துகொண்டேன். அன்றுமுதல் அவன் கை உயர்த்துவதை விட்டான்.

அம்மௌனம் என்னை உறுத்திற்று. விளங்காத வினாவையும், பிழையெனத் தள்ளப்பட்ட விடைக்குரிய காரணத்தையும் பெயரின்றித் துண்டுத்தாளில் எழுதித் தருமாறு அனைவரையும் கேட்டேன். ஒரு தாளில் இவ்வாறிருந்தது:

"சேர், 'அம்மா பேசினாள்' என்றதுக்கு 'ஏசினாள்' என்று போட்டேன். பிழை என்று வந்தது. எங்கட வீட்டில உம்மா பேசினா என்றால் ஏசினா என்றுதானே கருத்து? மற்றதை நாங்கள் கதைக்கிறது என்றுதான் சொல்லுவோம்."

பெயரில்லை, கையெழுத்தை யான் அறிவேன்.

வினாவை ஆக்கியோர் கடலுக்கப்பால் வழங்கும் தமிழை மனத்திற் கொண்டிருந்தனர். அவனோ தன் தாயின் தமிழில் விடையளித்தான். பொறி செய்த பிழையினும் அதனை நம்பி யான் செய்த பிழையே பெரிது. மறுநாள் வகுப்பறிய அதனை ஒப்புக்கொண்டேன். தாள்களையெல்லாம் தொகுத்து, மென்பொருளை ஆக்கியோருக்கு அனுப்பினோம். சில வினாக்கள் திருத்தப்பட்டன. சில இன்னும் அவ்வாறே உள. இப்போது புள்ளியைப் பார்க்குமுன் துண்டுத்தாள்களைப் பார்க்கின்றேன். அம்மாணவனின் கையும் மீண்டும் உயர்கின்றது.

நல்லாசிரியனுக்கு நிறைகோலை உவமை கூறினார் நன்னூலார். நிறைகோலும் இடையிடையே சரிபார்க்கப்படல் வேண்டும். நிறுக்கப்படுவோரைக் கேளாது அதனைச் சரிபார்ப்பது எங்ஙனம்? இளம் ஆசிரியராய் வெளியேறும் நம் கல்லூரி மைந்தர் இதனை நினைவிற் கொள்வாராக.