கொலுசுப் பட்டறைக்கு எந்த வெளிச்சம்?

பட்டறைக்கு விளக்கு தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அங்கே கண்ணுக்கு என்ன வேலை என்பதுதான். அறையின் நீள அகலமும் கூரையின் உயரமும் அதற்குப் பிறகு. ஒரே கூரையின் கீழ் ஒருவர் வெள்ளியை உருக்குவார், ஒருவர் மெல்லிய கம்பியை வளைத்துக் கண்ணி கோப்பார், ஒருவர் தீயை வைத்துப் பற்றவைப்பார், இன்னொருவர் மெருகு ஏற்றுவார். இந்த நால்வருக்கும் வேண்டிய வெளிச்சம் நான்கு விதம். நடுவில் ஒரு டியூப் லைட்டை மாட்டி நால்வரையும் அதன் கீழ் உட்காரவைத்தால் நால்வருக்குமே அது பொருந்தாது.

சேலத்தில் இதை மிகத் தெளிவாகப் பார்க்கலாம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி என்று நகரத்துக்குள்ளும் சுற்றியுள்ள ஊர்களிலும் வெள்ளிக் கொலுசு வேலை பரவிக் கிடக்கிறது. பெரும்பாலான பட்டறைகள் வீட்டோடு சேர்ந்தவை. திண்ணையை அடைத்தோ, முன்னறையை ஒதுக்கியோ உண்டானவை. ஒரு கொலுசு ஒரே கையில் முடிவதில்லை. கம்பி இழுப்பது ஓரிடம், கண்ணி கோப்பது இன்னோரிடம், பற்றவைப்பது, மணி சேர்ப்பது, மீனா வண்ணம் வைப்பது, மெருகு போடுவது என்று கைமாறிக்கொண்டே போகிறது. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரப் பக்கத்தில் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் உட்கார்ந்து பார்த்த வீட்டுப் பட்டறை இந்தச் சங்கிலியின் ஒரு துண்டு. கண்ணி கோப்பதும் பற்றவைப்பதும் ஒரே அறையில் நடந்தன. விளக்குப் பிரச்சினை முழுவதையும் அந்த ஓர் அறையே காட்டிவிட்டது.

கண்ணி கோப்பவர் தரையில் அமர்ந்து, சாமணத்தால் சிறு வளையத்தைப் பிடித்து, அடுத்த வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தின் வாயை மூடுகிறார். இரண்டு முனைகளும் நேருக்கு நேர் வந்து சேர வேண்டும். இடைவெளி விட்டால் பற்றவைக்கும்போது இடும் பற்றுப்பொடி அங்கே நிற்காது. அந்த இடைவெளியோ மயிரிழை அளவு. இந்த வேலைக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், அது கைக்கு அருகிலும் இருக்க வேண்டும். உட்புற வேலையிடங்களுக்கான 2002-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவிதி, நகை செய்யும் இடத்துக்கு 1,000 லக்ஸ், கல் பதிக்கும் வேலைக்கு 1,500 லக்ஸ், நெசவுக்கு 500 லக்ஸ் என்று சொன்னது. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியின் அளவு. உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். முழுநிலவு ஒரு லக்ஸில் கால் பங்குகூட இல்லை. கூரையில் ஒற்றை டியூப் லைட் மட்டும் உள்ள அறையில், தரையில் உட்கார்ந்திருப்பவரின் கையில் 100 முதல் 150 லக்ஸ் விழுந்தால் அதிகம். வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு.

இந்தக் குறையைக் கூரையில் இன்னும் ஒன்பது டியூப்களை மாட்டி நிரப்ப வேண்டியதில்லை. சிறிய விளக்கு ஒன்றுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். கால் பங்காக்கினால் பதினாறு மடங்காகும். இரண்டு மீட்டர் உயரத்தில் 30 லக்ஸ் தரும் 9 வாட் எல்இடி பல்பை, அரை மீட்டருக்கு இறக்கினால் 480 லக்ஸ் தரும். அதற்கு ஒரு கூம்பு மூடி போட்டு ஒளியைக் கீழே திருப்பினால் ஆயிரத்தைத் தொடலாம். நீண்ட டியூப்பில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், அதையும் கீழே இறக்கினால் நன்மை கண்கூடு. ஆகவே கண்ணி கோப்பவருக்கு முதல் தேவை, வளைந்து நிற்கும் கையுள்ள மேசை விளக்கு. வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் தன் கையின் நிழலிலேயே அவர் வேலை செய்ய நேரும். பல்பு கண்ணுக்கு நேரே தெரியக் கூடாது. மூடியின் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் அது தானே மறையும்.

மேசை விளக்கு மட்டும் எரிந்து, அறை இருண்டு கிடப்பதும் தவறு. ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் கண் இருளுக்குப் பழகி, குனியும்போது மறுபடி வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். நாளெல்லாம் இது நடந்தால் மாலையில் தலை வலிக்கும். கையில் 1,000 லக்ஸ் என்றால் சுற்றிலும் 300 லக்ஸாவது இருப்பது நல்லது.

இனிப் பற்றவைப்பு. இங்கே எல்லாம் தலைகீழ். இணைப்புகளில் வெங்காரத்தையும் பற்றுப்பொடியையும் இட்டுத் தீயைக் காட்டும்போது, வேலை செய்பவர் பார்ப்பது வெள்ளி எந்த நிறத்துக்கு வருகிறது என்பதை. சூடேறும் பொருள் இருட்டில் 525 டிகிரி செல்சியஸ் வாக்கில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும். பற்றுப்பொடி உருகி ஓடுவது பெரும்பாலும் 700 டிகிரியை ஒட்டி. தூய வெள்ளி 962 டிகிரியில் உருகும். செம்பு கலந்த வெள்ளியோ 779 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். பொடி ஓடும் சூட்டுக்கும் கொலுசே உருகிச் சுருண்டுபோகும் சூட்டுக்கும் இடையே உள்ள வழி அவ்வளவு குறுகியது. தெர்மாமீட்டர் எதுவும் இல்லாமல் அந்த வழியில் நடத்துவது மங்கிய அந்தச் சிவப்புதான். தலைக்கு மேலே 1,000 லக்ஸ் விளக்கு எரிந்தால் சிவப்பு தெரியவே தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

அதனால்தான் பற்றவைப்பவர்கள் சன்னலுக்கு முதுகைக் காட்டி, மூலையில் உட்காருகிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு அது வெளிச்சம் கிடைக்காத ஏழைமை போலத் தெரியும். உண்மையில் அது கண்ணறிந்து தேர்ந்த இடம். பட்டறையை ‘நவீனப்படுத்தும்’ ஆர்வத்தில் அந்த மூலைக்கும் ஒரே அளவாக வெள்ளை எல்இடி பட்டிகளை ஒட்டுவது, தொழிலாளியின் கையிலிருந்து அவருடைய முக்கியமான அளவுகோலைப் பறிப்பதாகும். அங்கே வேண்டியது 100 முதல் 200 லக்ஸ் வரையிலான மட்டான பொது வெளிச்சம். பொடி இடும் வேலைக்குத் தனியாக ஒரு விளக்கு. தீயை எடுக்கும்போது அதை அணைக்கக் கைக்கெட்டும் தூரத்தில், முடிந்தால் காலடியில், ஒரு சுவிட்ச். செலவில் இது மிகச் சிறியது. நான் கண்ட அறையில் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தார்கள்.

மெருகு போடும் இடத்தில் சிக்கல் வேறு. உலோகங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியை மிக அதிகமாகத் திருப்பியனுப்புவது வெள்ளி. விழுவதில் சுமார் 95 விழுக்காடு திரும்பிவிடும். மெருகேறிய வெள்ளி ஒரு கண்ணாடி. அதன் முன்னால் மூடியில்லாத எல்இடி பல்பைத் தொங்கவிட்டால், ஒவ்வொரு கண்ணியிலும் அந்தப் பல்பின் உருவம் ஊசிமுனை போலக் குத்தும். கீறலும் குழியும் அந்தக் கூசலில் மறையும். இங்கே ஒளியின் அளவைவிட ஒளி வரும் பரப்பு முக்கியம். பால்வெள்ளை அக்ரிலிக் தகடு போட்ட அகலமான பேனல் விளக்கோ, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியோ மென்மையாகப் பரவும். பொருளின் உருவம் முழுதாகத் தெரியும். கீறலைத் தேடும்போது மட்டும், பக்கவாட்டில் தாழ்ந்து சாய்ந்து விழும் ஒரு சிறு விளக்கு உதவும். அந்தச் சாய்வில் கீறலின் ஒரு கரை ஒளிரும், மறுகரை நிழலாகும்.

மெருகு மோட்டாரோடு இன்னோர் ஆபத்தும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால், பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எழும். கண் அதைத் தனியாக உணராது. ஆனால் நிமிடத்துக்கு 3,000 சுற்றை நெருங்கிச் சுழலும் சக்கரம் அந்த ஒளியில் நின்றுகொண்டிருப்பது போலவோ மெல்லப் பின்னோக்கி நகர்வது போலவோ தோன்றும். கை அதை நம்பினால் விரல் போகும். கடைசல் பட்டறைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் இதே ஆபத்து. பெரிய கூடங்களில் மும்முனை இணைப்பின் வெவ்வேறு முனைகளில் அடுத்தடுத்த விளக்குகளை இணைத்து இதைக் குறைப்பது பழைய வழக்கம். எலக்ட்ரானிக் சோக்கு நொடிக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வேகத்தில் இயங்குவதால் இந்தத் துடிப்பைப் பெருமளவு நீக்கியது. எல்இடி வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், தீரவில்லை. மலிவான எல்இடி பல்பின் உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று தரமற்றதாக இருந்தால் அதுவும் நொடிக்கு 100 முறை துடிக்கும். கைபேசிக் கேமராவை விளக்கருகே பிடித்தால் திரையில் கருப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்க்கலாம்; அந்த விளக்கை மோட்டார் அருகே மாட்டக் கூடாது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 5-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் நாடெங்கும் மலிவாக விற்கப்பட்டன. குண்டு பல்பின் காலம் முடிந்தது. கடைகளில் பரவலாகக் கிடைப்பது 6,500 கெல்வின் என்று அச்சிட்ட நீலம் கலந்த வெள்ளை. வெள்ளி நகைக்கடைகளில் இந்த ஒளியைத்தான் விரும்புகிறார்கள். அதில் வெள்ளி இன்னும் வெண்மையாகத் தெரியும். பட்டறையில் பார்க்க வேண்டியது கெல்வினைவிட நிறம் காட்டும் திறனை. அது பெட்டியின் மேல் சிஆர்ஐ என்று அச்சிடப்பட்டிருக்கும், உச்சம் 100. வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி விடும் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசியது. மலிவானதில் சிவப்பு குறையும். சூட்டில் செம்பு கசிந்து உண்டாகும் செம்மை படர்ந்த கறை, மஞ்சள் தட்டிய பற்று, மீனாவின் சிவப்பு ஆகியவை அந்த ஒளியில் சரியாகத் தெரியாமல் போய், பகலில் கடைக்காரர் கையில் தெரியவரும். சரக்கு திரும்பும், கூலி பிடிக்கப்படும். முன்சொன்ன தரவிதி நகை வேலைக்குக் கேட்டது 90. சாதாரணப் பல்பு 80-ஐ ஒட்டி நிற்கும். மேசை விளக்கு ஒன்றுக்காவது 90 சிஆர்ஐ பல்பு வாங்குவது வீண்செலவு ஆகாது.

பகல் ஒளிக்கு நிகரான விளக்கு இன்னும் இல்லை. அதைச் சேலத்துத் தறிவீடுகள் நன்றாகவே அறிந்திருந்தன. ஓட்டுக் கூரையில், தறிக்குழிக்கு நேர் மேலே, ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதிப்பது நெசவாளர் வழக்கம். பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்ணில் பட அது போதும். பழைய பஞ்சாலைகளின் ரம்பப்பல் கூரையும் இதே அறிவின் பெரிய வடிவம். அதன் கண்ணாடிப் பக்கம் வடக்கு நோக்கியிருக்கும், வெயில் நேரே விழாமல் வானத்தின் ஒளி மட்டும் வரும். ஆனால் குளிர் நாடுகளில் எழுதிய விதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சேலம் 11.65 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் இறங்கும். மேலே ஒரு மறைப்பு வேண்டும். தகரக் கூரையில் ஒளிபுகும் நார்த்தகடு போடுவோர், அதனடியில் வெள்ளைத் துணியோ மெல்லிய தகடோ கட்டினால் கூசலும் குறையும், சூடும் ஓரளவு தணியும்.

நாமக்கல் லாரி பாடி கட்டும் கூடங்கள் போல உயர்ந்த இடங்களுக்குக் கணக்கு வேறு. ஆறு ஏழு மீட்டர் உயரத்திலிருந்து சாதாரண டியூப்பின் ஒளி தரைக்கு வந்து சேராது; ஒளியைக் குவித்து இறக்கும் ஹைபே விளக்குகள் வேண்டும். வண்டியின் அடியில் வேலை செய்பவருக்கு அதுவும் பயன்படாது. அவருக்குக் கூண்டு போட்ட, குறைந்த வோல்டேஜில் இயங்கும் கைவிளக்கு கட்டாயம்.

எந்த விளக்கானாலும் சுவர் அதில் பாதி வேலையைச் செய்கிறது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் பெரும்பகுதி ஒளியைத் திருப்பித் தரும். கரியேறிய சுவர் விழுங்கிவிடும். மெருகுத் தூசியும் தீப்புகையும் விளக்கின் மேலேயே படிகின்றன. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால், இன்னொரு விளக்கு வாங்காமலே இழந்த ஒளி திரும்பக் கிடைக்கும்.

வயதும் கணக்கில் வர வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குச் செல்லும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் சென்று சேர்கிறது. கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளடைகிறது. ஒரே பட்டறையில் பேரனும் தாத்தாவும் உட்கார்ந்தால் ஒருவருக்குப் போதுமான விளக்கு மற்றவருக்குப் போதாது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி அணியாமல் பல்பை இன்னும் கிட்டே இழுத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. அருகில் உள்ளதைப் பார்ப்பதற்கான கண்ணாடியை விளக்குச் செலவின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இவற்றில் பலவற்றை ஏற்கெனவே எழுதிவைத்தது: போதுமான, பொருத்தமான வெளிச்சம், சன்னல் கண்ணாடியின் உள்ளும் புறமும் சுத்தம், விளக்கிலிருந்து நேராகவோ மெருகேறிய பரப்பில் பட்டோ வரும் கூசலைத் தடுத்தல், கண்ணை வருத்தும் நிழலைத் தடுத்தல். ஆனால் அச்சட்டம் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர், இல்லாத இடத்தில் இருபது பேர் என்ற எண்ணிக்கையிலிருந்தே பொருந்தியது. மூன்று பேர் உட்காரும் வீட்டுப் பட்டறை அதன் வாசலுக்கு வெளியே நின்றது. மெருகேறிய பரப்பின் கூசல் என்ற வாசகம் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே அது கிடைக்கவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் வரிசை இது: முதலில் சுவருக்கு வெள்ளை, சன்னலுக்குத் துடைப்பு; அடுத்து ஆளுக்கொரு மேசை விளக்கு; பிறகு பற்றவைக்கும் மூலைக்குத் தனிச் சுவிட்ச், மெருகு இடத்துக்குப் பால்தகடு விளக்கு; கூரை விளக்கை மாற்றுவது கடைசியில். தரையில் வயர் ஓடக் கூடாது. தீயும் அமிலமும் புழங்கும் இடத்தில் வயரின் உறை சீக்கிரம் கெடும். மேசை விளக்குகளையும் ஒரு கூரை விளக்கையும் மட்டும் இன்வெர்ட்டரில் சேர்த்தால் மின்வெட்டின்போது தீ வேலையைப் பாதியில் விட வேண்டியிருக்காது. எல்லாம் மாட்டிய பிறகு, இருட்டியதும், தொழிலாளி உட்காரும் அதே உயரத்தில், அவர் கை இருக்கும் இடத்தில் லக்ஸ் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். நின்றபடி, பகலில் அளந்த எண் எதற்கும் உதவாது.