மும்பைக்குப் புதுசா?

அவருக்கு மும்பைக்கு மாற்றலாகி, சின்னக் குழந்தையோடு வந்து இறங்கியிருக்கிறீர்களா? அடுப்பு மூட்ட நாலு நாளாகுமே என்று கவலைப்படாதீர்கள். மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையத்தில் இறங்குங்கள். (மாதுங்கா ரோடு வேறு!) பக்கத்திலேயே 1942-ல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி ஹோட்டலில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். சாம்பார் கொஞ்சம் தித்திக்கும்; அது உடுப்பிப் பக்குவம். குழந்தைக்கு ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டலாம்.

தெருவில் வடா பாவ் வாசனை இழுக்கும். நம்ம உருளைக்கிழங்கு போண்டாவைப் பன்னுக்குள் வைத்த மாதிரிதான். எண்ணெயிலிருந்து அப்போதே எடுத்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

பானி பூரியில்தான் ஜாக்கிரதை! வம்பு பூரியில் இல்லை, தண்ணீரில். சுத்தமில்லாத தண்ணீரால் டைபாய்டு, மஞ்சள் காமாலை வரலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம். ஆசையாக இருக்கிறதா? புதினாவை நன்றாக அலசி அரைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் வீட்டிலேயே கலக்குங்களேன்!